பாலில் ஊறிய தாள்

…பத்து மணி என்று சொல்லியிருந்தாலும் பத்தரைக்கு முன்னால் உள்ளே கூப்பிட மாட்டார்கள், ரத்த நோய்ப் பிரிவில் என்றைக்கும் அப்படித்தான், அதுவரை கென்னி அந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் கால்பந்து பேசிக்கொண்டிருப்பான், இந்த டண்டி ஊரில் ஒரே தெருவில் இரண்டு மைதானம், இரண்டு அணி, பேச்சுக்கா பஞ்சம்… பேசட்டும், அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால்தான் எனக்குப் பயம். நானும் வருகிறேன் என்று நேற்றுச் சாப்பிடும்போதே சொன்னேன். "நீ வந்து என்ன பண்ணப்போற புள்ள? ரத்தம் என்னோடது, நீயா வந்து பரீட்சை எழுதப்போற? பேசாம வேலைக்குப் போ" என்றான், வாயில் பன்னை அடைத்துக்கொண்டே. விடியுமுன் எழுந்து பேக்கரியில் ஊருக்கெல்லாம் பன் சுடுகிறவன், வீட்டுக்கு வந்தும் பன்னைத்தான் தின்கிறான், என் புருஷனை என்ன சொல்ல. சரி என்று வேலைக்கு வந்துவிட்டேன். வந்து என்ன, கைதான் இங்கே இருக்கிறது, மனசு அந்த நீல நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

என் முன்னால் தட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. ஆட்டும் கருவி இடமும் வலமுமாகச் சாயச் சாய, கழுவும் நீருக்குள் என் வெள்ளைத் தாள் அலைகிறது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் அதில் செல்களின் புரதங்கள் ஒட்டியிருக்கின்றன, இடப்பக்கம் மருந்து கொடுக்காத செல்களுடையவை, வலப்பக்கம் மருந்து கொடுத்தவற்றினுடையவை. மருந்து வேலை செய்திருந்தால் இடப்பக்கம் ஒளிக்கோடு விழவேண்டும், வலப்பக்கம் இருட்டாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் என் பிழைப்பு, கைனேஸ் எங்கே விழித்திருக்கிறது, எங்கே தூங்குகிறது என்று பார்க்கிற பிழைப்பு. டண்டியில் தடுக்கி விழுந்தால் கைனேஸை ஆராய்கிற யாராவது ஒருவர் மேல்தான் விழவேண்டும் என்பாள் மொராக், பக்கத்து மேசைக்காரி, வயது என் வயது, வாய் மட்டும் என்னைப்போல் இரண்டு மடங்கு. கைனேஸ் என்றால் என்ன அப்படிப் பெரிய சங்கதி… நாங்கள் குடியிருக்கிற நாலு மாடிக் கல் கட்டடத்தின் படிக்கட்டை நினைத்துக்கொண்டால் போதும். கீழ்வீட்டுக் கதவை யாரோ தட்டிச் சேதி சொல்கிறார்கள், கீழ்வீட்டுக்காரி ஒரு மாடி ஏறிப்போய் அங்கே தட்டுகிறாள், அவள் அடுத்த மாடிக்கு ஓடுகிறாள், கொஞ்ச நேரத்தில் மொத்தக் கட்டடமும் விழித்துக்கொள்கிறது. செல்லின் தோலைத் தொட்ட சேதி உள்ளே கருவுக்குப் போய்ச் சேர்வதும் அப்படித்தான். ஒரு கைனேஸ் அடுத்த புரதத்தின் மேல் பாஸ்பேட் என்கிற துணுக்கை ஒட்டும், ஒட்டியதும் அது விழிக்கும், அது போய் இன்னொன்றை எழுப்பும், வளர் என்று சேதி வந்தால் வளரும், பிரி என்று வந்தால் ஒன்று இரண்டாகும். ஒட்டியதைப் பிய்த்தெடுத்து மறுபடி தூங்கவைக்கவும் உள்ளே ஆள் உண்டு. எழுப்புவது பெரிய காரியம் இல்லை, வேலை முடிந்ததும் தூங்கவைக்கவேண்டுமே, அதில்தான் உயிரே இருக்கிறது.

கென்னியின் உடம்பில் என்ன ஆயிற்று… சேதியே வராமல் ஒருத்தன் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டான். எலும்புக்குள் ரத்தம் உண்டாகிற இடத்தில், எந்தப் பாவிச் செல்லோ, அதில் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டதில், ஒரு கைனேஸ் ஓயவே ஓயாததாகிவிட்டது, பிரி, பிரி, பிரி என்று ஒரே நச்சரிப்பு, ரத்தம் முழுக்க வெள்ளை அணுக்கள். டாக்டர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார், கைனேஸ் என்ற வார்த்தை வந்ததும் கென்னி மெதுவாக என் பக்கம் திரும்பி, "யாரு, உங்க ஆளா?" என்றான். நான் சிரித்துவிட்டேன், புற்றுநோய் என்று சொல்லிக்கொண்டிருக்கிற டாக்டர் முன்னால் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அப்புறம் கார் நிறுத்துமிடத்தில் அழுத அழுகைக்கு அளவே இல்லை, அவன்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். பிறகு மாத்திரை. பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ள அந்தக் கைனேஸில் ஒரு குழி உண்டு, மாத்திரை போய் அந்தக் குழியில் உட்கார்ந்துகொள்ளும், எடுக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது. வருஷக்கணக்காகத் தினமும் ஒன்று. நோய் அடங்கிப்போயிற்று, சோதனையில் சுவடே இல்லை, ஆனால் அவன் கால் நரம்பு சுண்டி இழுத்தது, கண்ணிமை வீங்கிக் காலையில் தவளைபோல எழுந்து வந்தான், எல்லாவற்றுக்கும் மேல் அவனுடைய குளியல் போயிற்று. ப்ராட்டி ஃபெரி துறையில் குளிர்காலம்கூடப் பார்க்காமல் நதி கடலில் கலக்கிற இடத்தில் இறங்கி நீந்துகிற கூட்டம் ஒன்று உண்டு, அதில் அவன்தான் முதல் பைத்தியம், நடுத்தண்ணீரில் ஒருநாள் இரண்டு காலும் இழுத்துக்கொண்டது, தூக்கிக் கரையில் போட்டார்கள், அதோடு சரி. கரையில் நின்று மற்றவர்களுடைய துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பான்… அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

இந்த வசந்தத்தில் டாக்டர்தான் சொன்னார், இத்தனை காலம் சுவடே இல்லையே, நிறுத்திப் பார்க்கலாமா, பாதிப் பேருக்குத் திரும்ப வருவதில்லை, வந்தாலும் மாத்திரைக்கு மறுபடி அடங்கிவிடும், உயிருக்கு ஆபத்து இல்லை. மற்றப் பாதிப் பேருக்கு? அவர்களுக்கு வருகிறது, வந்தால் சீக்கிரமே வருகிறது, அதனால் மாதாமாதம் ரத்தம் பார்க்கவேண்டும். நிறுத்தினான். கோடைக்குள் நரம்பு இழுப்பது நின்றது, ஒருநாள் உதடெல்லாம் நீலமாக, டீக்கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்க, தரையெல்லாம் டீயைக் கொட்டிக்கொண்டு, "எறங்கிட்டேன் புள்ள" என்று நின்றான். ஐம்பத்தெட்டு வயசு ஆளுக்கு முகம் அப்படி ஆகுமா… ஆயிற்று. இன்றைக்குச் சோதனையில் நோய் திரும்பியிருந்தால் எனக்குப் போவது அந்த முகம்தான், வேறொன்றும் இல்லை. மாத்திரை உயிரைக் காப்பாற்றும், அது எனக்குத் தெரியும், அந்த மாத்திரையை நான் கையெடுத்துக் கும்பிடுகிறவள், ஆனாலும் அது திரும்ப வரக்கூடாது, வரவே கூடாது.

இத்தனை அன்புக்கு நடுவிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊரில் யார் வேலையைப் பற்றியும் நோண்டிநோண்டிக் கேட்கிறவன், மீன்காரரிடம் எந்த மரத்தூளில் புகை போடுகிறீர்கள் என்பான், பஸ் டிரைவரிடம் கியரைப் பற்றிக் கேட்டு இறங்குகிற இடத்தை விட்டுவிடுவான், என் வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. முன்பெல்லாம் கேட்டவன்தான். சாயங்காலம் மீந்த பன்னை மாவுப்பையில் கட்டிக்கொண்டு மேலே வந்து, இந்தப் பெட்டி என்ன, அது ஏன் ஆடுது என்று எல்லோரையும் பிய்த்தெடுப்பான், தாள்களை நான் பால்பொடிக் கரைசலில் ஊறப்போடுவதைப் பார்த்து, "நீயும் பால்லதான் பொழப்பு நடத்துற, நானும் பால்லதான், இதுல நீ மட்டும் எப்படி விஞ்ஞானி ஆன?" என்பான். அது எப்போது நின்றது… இப்போதெல்லாம் கீழே தெருவில் காரிலேயே இருந்துகொண்டு ஹார்ன் அடிக்கிறான். சலித்துவிட்டது போலிருக்கிறது. இத்தனை வருஷத்தில் யாருக்குத்தான் சலிக்காது, அவன் பன் சுடும் கதை எனக்குச் சலிக்கவில்லையே என்று மட்டும் சில சமயம் தோன்றும்.

கழுவி முடித்துத் தாளின் மேல் ஒளிரும் திரவத்தை ஊற்றிப் படம் எடுக்கும் கருவிக்குள் வைத்து மூடினேன். திரையில் படம் மெல்ல எழும்பியது. இடப்பக்கம் ஒளி. வலப்பக்கமும் ஒளி. கோடுகூட இல்லை, தாள் முழுக்க ஒரே பிரகாசம், மருந்து கொடுத்தது, கொடுக்காதது என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாம் விழித்துக்கொண்டு… வந்துவிட்டது. மருந்து கேட்கவில்லை, வந்துவிட்டது. இது கிண்ணத்தில் வளர்த்த செல், இது வேறு கைனேஸ், கென்னியுடையதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான், இதற்கும் அவன் ரத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை, எல்லாம் தெரியும், தெரிந்து என்ன, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். மொராக் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இதை எதுல ஊறவச்ச?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா?" என்று கேட்டுவிட்டு அவளே தொட்டியடிக்குப் போய் நான் வைத்திருந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். பால். ஒளிக்கோடு காட்டுவதற்காகத் தாளில் ஊற்றுகிற எதிர்ப்புரதம் பாஸ்பேட்டைத் தேடிப் பிடித்து ஒட்டுகிற ஜாதி, பாலில் இருக்கிற புரதம் முழுக்கப் பாஸ்பேட், பால் பட்டால் தாள் முழுக்க ஒளிரும், இதற்குப் பாலைத் தொடக்கூடாது, மாட்டு ரத்தத்துப் புரதக் கரைசல்தான் என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரமே பாடம் எடுக்கிறவள் நான். விடிகாலையில் கை தன் பாட்டுக்குப் போய்ப் பாலை எடுத்திருக்கிறது. மொராக்குக்கு இதைவைத்து ஒரு மாதம் என்னைக் கிண்டல் பண்ணலாம், ஆனால் என் முகத்தைப் பார்த்தாள். "கென்னிக்கு இன்னைக்கா?" என்றாள். தலையாட்டினேன். "புரதம் இன்னும் மிச்சமிருக்கு, மத்தியானமா நானே வேற தாள் போடறேன். நீ கையுறையைக் கழட்டு மொதல்ல" என்றாள், என்னைத் தொடாமல், தொட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று தெரிந்தவள்போல.

கையுறையைக் கழற்றுவதற்குள் பையில் போன் அதிர்ந்தது. ஜன்னல் பக்கம் போனேன், கீழே டே நதி சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"புள்ள, கையில ஏதாவது வச்சிருந்தா கீழ வை."

"ஒண்ணும் இல்ல. சொல்லு."

"லேசா எட்டிப் பாத்திருக்காம்." பின்னால் வண்டிகள் போகிற சத்தம், பஸ் நிறுத்தத்தில் நிற்கிறான். "கொஞ்சூண்டுதான். மாத்திரை போடற அளவுக்கு இல்லங்கறாரு. அடுத்த மாசம் பாப்போம், கூடியிருந்தா பழையபடி ஆரம்பிச்சுடலாம், இல்லாட்டி அப்படியே விடலாம்னாரு. தண்ணியில எறங்கலாமான்னு கேட்டேன். எறங்கும்யா, யாரு வேணாங்கறான்னுட்டாரு."

"சரி" என்றேன். "சரி, அப்ப எறங்கு." என் குரல் எனக்கே நன்றாகத்தான் கேட்டது.

அப்புறம், ஒரு பொருளின் விலையைக் கேட்கிற மாதிரி, "ஏன் புள்ள, அது உள்ள என்னதான் பண்ணுது? டாக்டரு சொன்னா எனக்கு ஏறமாட்டேங்குது. நீ சொல்லேன்" என்றான்.

நான் திரும்பி அறையைப் பார்த்தேன். மொராக் பால் பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள், யாரோ எதற்கோ சிரித்தார்கள், ஆட்டும் கருவி வெறும் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இந்த அறையில் இத்தனை வருஷமும் சந்தோஷமாக வேலை செய்ய முடிந்திருக்கிறது. கைனேஸ் என்ற வார்த்தையை நாளைக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட அவன் நோய் அதோடு சேர்ந்து வந்ததில்லை, இன்றைக்குத்தான் முதல் தடவை. அவன் கேட்பதை நிறுத்தியது எப்போது என்று இப்போது தெரிந்தது, அந்த டாக்டர் அறையிலிருந்து வந்த வாரம், அதற்குப் பிறகு அவன் மேலே வரவே இல்லை, கேட்கவே இல்லை, தன் நோயை எடுத்துக்கொண்டு இந்த வாசலைத் தாண்டி உள்ளே ஒரு அடி வைக்கவில்லை… சலிப்பு என்று நினைத்திருந்தேனே, எவ்வளவு பெரிய மக்கு நான்.

"மொதல்ல இருந்து சொல்லு, பஸ்ஸுக்கு நேரமிருக்கு" என்றான் கென்னி. ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். இத்தனை நாள் கேட்காமல் இருந்தது எனக்காக என்றால், இப்போது கேட்பது யாருக்காக…