வாய்க்குள் போன சொல்

நான் பல்செட் செய்கிறவள். பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன். எத்தனை பேருடைய சிரிப்பு என் கைவேலை என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாயைக்கூட நேரில் பார்த்ததில்லை. டாக்டர்கள் அச்செடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். அதைப் பிளாஸ்டரில் வார்த்து, அந்த வெள்ளை ஈறைப் பார்த்துப் பார்த்துப் பின்னறையில் உட்கார்ந்து பல் பொருத்துவேன். பொருந்தியதா, அந்த மனுஷர் நிம்மதியாகச் சாப்பிட்டாரா என்ற சேதியெல்லாம் வராது. குறை இருந்தால் மட்டும் ஓடோடி வரும்.

முன்னறைக்குப் போக ஒரு வழி இருந்தது. ஒரு வருஷப் படிப்பு. முடித்தால் டாக்டர் பக்கத்தில் நின்று நானே வாயைப் பார்த்து, நானே பொருத்தலாம். அதற்கு இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, முதலாளி கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்றிதழ். இன்னொன்று, ஆங்கில வாசிப்புப் பரீட்சையில் ஒன்பதுக்கு ஏழு மார்க். இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் ஆறரை. மூன்றாவதிலும் போனால் அந்தக் கல்லூரிக் கதவு எனக்கு மூடியது மூடியதுதான்.

அந்தப் பரீட்சையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எரிமலைச் சாம்பலைப் பற்றி மூன்று பக்கம் படித்துப் பதில் எழுதினால்தான் ஒருத்தர் பல்லைத் தொடலாமாம். கேள்விக்குப் பதில் உண்மை, பொய் என்று இருந்தால்கூடச் சமாளிக்கலாம். மூன்றாவதாக ‘சொல்லப்படவில்லை’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவன் மட்டும் பல்வலியோடு என் கையில் கிடைக்கட்டும். இதெல்லாம் போதாதென்று படித்தவர்கள் புத்தகத்தில் மட்டும் எழுதுகிற சொற்கள் வேறு. ‘கோஹிரன்ட்’ என்பார்கள், ‘ஹைப்பாதிசிஸ்’ என்பார்கள். மனுஷர் யாராவது வீட்டில் இப்படிப் பேசுவார்களா?

ஆனாலும் நான் விடவில்லை. தினம் பத்துச் சொல். அதைப் படிக்க என் தொழிலிலேயே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பல்செட்டின் உள்பக்கத்திலும், அண்ணத்தில் படுகிற இடத்தில், நோயாளியின் எண்ணை வைத்து மூடுவது எங்கள் லேப் வழக்கம். முதியோர் இல்லத்தில் பல்செட்டுகள் மாறிப்போனால் யாருடையது என்று தெரிய வேண்டுமே. மெல்லிய காகிதத்தில் பொடி எழுத்தில் எண்ணை எழுதி, நகக்கண் அளவுக்கு வெட்டி, மேலே கண்ணாடி மாதிரி அக்ரிலிக் பூசிவிடுவோம். அதே காகிதம், அதே பேனா, அதே பொடி எழுத்தில் நான் சொற்களையும் எழுதிக்கொண்டேன். எண்கள் வலப்பக்க டப்பாவில், சொற்கள் இடப்பக்க டப்பாவில். கை வேலை செய்யும், கண் சொல்லைப் படிக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்கு ஒரே பெருமை.

பரீட்சை சனிக்கிழமை. வியாழன் மாலை, நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சொல் டப்பாவை என் நாத்தனார் மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். என் கணவருடைய தங்கை அவள், எங்களோடுதான் இருக்கிறாள், பள்ளி பஸ் ஓட்டுகிறாள். அறுபது பிள்ளைகளை அதட்டி அதட்டித் தடித்துப்போன குரல்.

“டென்டேடிவ்?”

“உறுதியில்லாத.”

“சரி. ஸஸ்டெயின்?”

“தாங்கிப் பிடிக்கிறது.”

“சரி. நாலாயிரத்து நானூத்திப் பதினேழு?”

“என்னது?”

“இதுல அப்படித்தான் எழுதியிருக்கு அண்ணி. அர்த்தம் சொல்லுங்க, பாப்போம்.”

நோயாளி எண் சொல் டப்பாவில் இருக்கிறது என்றால், சொல் ஒன்று எங்கே போயிருக்கும் என்று விளக்கவா வேண்டும்? டப்பாவை மேஜையில் கொட்டி, நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாச் சொல்லும் இருந்தது, ‘ரிடன்டன்ட்’ மட்டும் இல்லை. தேவைக்கு மிஞ்சியது, இல்லாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லாதது என்று அர்த்தம்.

எப்போது நடந்தது என்றும் ஞாபகம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் தொப்பியில் வாந்தி எடுத்த கதையைச் சொல்ல இவள் போன் பண்ணினாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காகிதத்தை எடுத்து வைத்தேன்.

“உன்னாலதான்டி!” என்றேன்.

“பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க,” என்று அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “உங்களுக்குப் பல்லோட சேந்தே சொல்லு போயிடுச்சே அண்ணி!”

அவளுக்குச் சிரிப்பு. எனக்கோ திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை. விஷயம் முதலாளி காதுக்குப் போனால் சான்றிதழில் கையெழுத்து விழாது. கையெழுத்து விழாவிட்டால் ஏழு வாங்கினாலும் ஒன்றுதான், ஒன்பது வாங்கினாலும் ஒன்றுதான். மறுநாள் காலையில் அந்த எண்ணுக்குரிய பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ரகசியமாகப் போன் பண்ணினேன்.

“நாலு நாலு ஒண்ணு ஏழா?” என்றாள் அங்கிருந்த நர்ஸ். “அவரு மூணு தடவை போன் பண்ணிட்டாரு. எழுதினது யாருன்னு தெரியணுமாம். இன்னிக்கு நாலு மணிக்கு நேர்லயே வராரு.”

மூன்றே முக்காலுக்கு நாத்தனார் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தாள். மஞ்சள் பஸ்ஸில், என் முட்டி என் தாடையை இடிக்கிற குட்டி ஸீட்டில் உட்கார்ந்து, மடியில் அரைக்கிற மெஷினும் அக்ரிலிக் டப்பாவுமாகப் போனேன். ஒரு கையில் சொல் நோட்டு. மறுநாள் பரீட்சையாயிற்றே.

டாக்டரம்மாவிடம் முதலில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

நாலு மணிக்கு அந்த நோயாளி வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், மேல்வரிசைப் பல் இல்லாமல் உள்ளே போன உதடு. பின்னாலேயே அவர் மனைவி. பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். மேஜையில் அதை வைத்துப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்தார்.

“முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டினேம்மா,” என்றார். பல் இல்லாததால் காற்றும் பேச்சும் கலந்து வந்தது. “போன மாசம் மாலை போட்டு அனுப்பிட்டாங்க. என் ஸீட்ல இப்ப ஆளே இல்ல, கம்ப்யூட்டரே ஓட்டுது. என் முகத்துக்கு நேரா சொல்லக் கம்பெனிக்காரன் கூச்சப்பட்டதை, நீங்க பல்லுல எழுதி அனுப்பிட்டீங்க.”

“எட்டு நாளா மாட்டவே மாட்டேங்கறாரு,” என்றார் மனைவி. “கஞ்சியா குடிக்கறாரு. பேசறதும் இல்ல. ஒரு விதத்துல வீடு அமைதியாத்தான் இருந்துச்சு.”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு அழுகை வந்தது. நான் மார்க்குக்காக நெட்டுருப் போட்ட ஒரு சொல் இந்த மனுஷரை எட்டு நாள் பட்டினி போட்டிருக்கிறது.

“ஐயா, தப்பு என்னோடது. உங்களச் சொல்லல,” என்றேன். “பரீட்சைக்குப் படிக்க எழுதி வச்ச துண்டு. உங்க நம்பர்னு நெனச்சு மாத்தி வச்சுட்டேன்.”

அவர் நம்பவில்லை. நோட்டைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

“இதுல இருநூறு சொல்லு இருக்கே. அதுல இதுதான் எனக்கு வரணுமா?”

“பக்கத்துலயே ‘மேக்னிஃபிஸன்ட்’ இருந்திருக்கு பாருங்க,” என்றார் மனைவி. “அது வந்திருந்தா உங்களக் கையில பிடிக்க முடிஞ்சிருக்காது.”

அவர் வாய் முதல்முறையாகக் கோணியது. சிரிப்புதான்.

அந்த இடத்திலேயே மெஷினைப் போட்டு அந்தச் சொல்லை அரைத்து எடுத்தேன். அவர் எண்ணை வைத்துப் பூசினேன். காய்ந்ததும் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீங்களே போட்டுப் பாருங்க. நான் பக்கத்துல நிக்கறேன்,” என்றார்.

கையுறையை மாட்டிக்கொண்டேன். “வாயத் தொறங்க ஐயா,” என்றேன். திறந்தார். பன்னிரண்டு வருஷம் வெள்ளைப் பிளாஸ்டரில் பார்த்தது, இளஞ்சிவப்பாக, ஈரமாக, மூச்சு விட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தது. இடது பக்கம், கன்னத்தோரத்தில், கடுகளவு ஒரு புண்.

“இது எத்தன நாளா?”

“மாட்டின மொத நாளே உறுத்திச்சு. ஒருநாள்தான் போட்டேன், இன்னும் ஆறல. ஓரம் குத்துது. மனசுல குத்தினது பெருசா இருந்துச்சா, இதச் சொல்லல.”

பிளாஸ்டரில் அந்த ஓரம் அம்சமாக உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டருக்கு வலிக்காதே. இப்படி இன்னும் எத்தனை பேரை உறுத்திக்கொண்டு நான் பெருமையோடு டீ குடித்துக்கொண்டிருந்தேனோ! ஓரத்தைத் தேய்த்தேன், மாட்டினேன், கழற்றினேன், மறுபடி தேய்த்தேன். நாலாவது தடவை அவர் கடித்துப் பார்த்து, நாக்கைச் சுழற்றிப் பார்த்து, “இப்ப வலிக்கலம்மா,” என்றார். அந்த வாக்கியத்தை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. டாக்டரம்மா எங்கள் முதலாளிக்குப் போன் பண்ணவே இல்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவர் மனைவியை நினைத்துப் பாவப்பட்டேன். கிளினிக் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே அவர் கிரேன் கதையை ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் பரீட்சையில் எரிமலைக்குப் பதிலாக எறும்புகளைப் பற்றி மூன்று பக்கம் வந்தது. ‘ரிடன்டன்ட்’ வரவே இல்லை. பாழாய்ப்போன ‘சொல்லப்படவில்லை’ மட்டும் ஒன்பது இடத்தில் வந்தது. பத்து நாள் கழித்து மார்க் வந்தது. ஏழு. நாத்தனார் பஸ் ஹாரனை அடித்துத் தெருவையே வாசலுக்கு வரவைத்தாள். முதலாளி ஒன்றும் தெரியாமல் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை நானும் நாத்தனாரும் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். பெயர், வயது, வேலை எல்லாம் எழுதியாயிற்று. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: நேரடியாகப் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை.

நான் ‘1’ என்று எழுதினேன்.

“ஐயோ அண்ணி, பன்னண்டு வருஷத்துக்கு ஒண்ணா? சிரிப்பாங்க. பின்னால ரெண்டு சைபர் போடுங்க, யாரு எண்ணப் போறா?”

“சிரிக்கட்டும்.”

“அந்த ஒருத்தருக்கு என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்களே?”

“கேக்கட்டும்டி,” என்றேன். “எங்க வலிச்சுதுன்னு எனக்குத் தெரியும்.”