பதினாலு நாய்க்கும் ஆமாம்

நாய்க் காப்பகத்து வெப்சைட்டை இயக்கும் ஸ்கிரிப்ட்டை எழுதிக் கொடுத்தவன் நான்தான். சம்பளம் கிடையாது. கனடாவில் எங்கள் தண்டர் பே ஊரில் யாரைக் கேட்டாலும் "ரெய்யோவோட சைட்" என்பார்கள், அந்தப் பெருமை ஒன்றுதான். அதனால் புதன்கிழமை மத்தியானம் காப்பகத்தை நடத்தும் டார்லீன் போன் பண்ணி, "உன் சைட்ல ஏதோ கோளாறு" என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

"என் சைட்ல ஒண்ணும் இருக்காது. விஷயத்தச் சொல்லு."

"ரெண்டு வாரமா நாய் வேணும்னு ஒரு ஆள் கேக்கல. பதினாலு கூண்டும் நிரம்பிக் கெடக்கு. வெள்ளிக்கிழமை விண்ணிபெக் காப்பகத்து வேன் வருது, ரொம்ப நாளா இருக்கறத ஏத்தி விடணும். வால்டர்தான் மொத ஆளு."

வால்டர் பதினோரு வயசுக் கிழவன். ஒரு காது கிடையாது. குறட்டை மட்டும் ரெண்டு நாய்க்கு உண்டானது. எட்டு மணி நேரம் வேனில் குலுங்கிப் போய், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடத்தில் இறங்கவேண்டும். அந்த வயசில் அது கொடுமை. சாப்பாட்டு நேரத்திலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

சைட்டைத் திறந்தால் பதினாலு நாயின் படத்துக்குக் கீழேயும் சிவப்பு எழுத்து: முன்பதிவு ஆகிவிட்டது. இதைப் பார்த்தபிறகு யார் போன் பண்ணுவார்கள்?

"எல்லா நாயையும் முன்பதிவுன்னு போட்டு வச்சிருக்கியே, டார்லீன்."

"எனக்கென்ன பைத்தியமா? நான் ஒண்ணையும் போடல. உன் பக்கம் பாருய்யா."

பார்த்தேன். காப்பகத்தின் பதிவு மென்பொருளை ரெண்டு வாரத்துக்கு முன் புதுப்பித்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாய்க்கும் 'முன்பதிவா?' என்று என் ஸ்கிரிப்ட் அதனிடம் கேட்கும். முன்பெல்லாம் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று கணினிக்கே உரிய ஆமாம், இல்லையாகப் பதில் வரும். இப்போது அதே சொற்கள் மேற்கோள் குறிக்குள், வெறும் எழுத்தாக வருகின்றன. என் ஸ்கிரிப்ட்டுக்கோ எழுத்து என்று ஏதாவது இருந்தாலே ஆமாம்தான். உள்ளே ஃபால்ஸ் என்று இருப்பதை அது படிப்பதில்லை. 'வராதீர்கள்' என்று கடிதம் போட்டால், கடிதம் வந்துவிட்டதே என்று பெட்டியைக் கட்டும் மாமனார் மாதிரி.

"மென்பொருள்காரன் தப்பு," என்றேன்.

"உன் தப்பு இல்லையாக்கும்."

"இல்லவே இல்ல."

வருகிற எழுத்தை ஆமாம், இல்லையாக மாற்றித் தரும் கட்டளை ஒன்று மொழியிலேயே உண்டு. அதை ஒரே வரியில் சேர்த்துவிட்டு மார்தட்டிக்கொண்டு ஓடவிட்டேன். பதினாலும் சிவப்பு. ஆகாமல் என்ன செய்யும்? அந்தக் கட்டளையும் அதே குருடுதான், எழுத்து இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்க்கும். இருபது வருஷம் இதிலேயே குப்பை கொட்டியவன், நேற்றுச் சேர்ந்தவன் செய்கிற தப்பைச் செய்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"சரியாயிடுச்சுங்களா, சார்?" என்றாள் டார்லீன், வாய்க்குள் சிரித்தபடி.

"கொஞ்சம் சும்மா இரேன்."

இந்தத் தடவை ஒழுங்காக எழுதினேன். ட்ரூ என்று எழுதியிருந்தால் ஆமாம். ஃபால்ஸ் என்று எழுதியிருந்தால் இல்லை. வேறு எது வந்தாலும் நீயாக ஊகிக்காதே, அந்த நாயை நிறுத்தி வைத்துவிட்டுப் பெயரைச் சொல். ஓடவிட்டதும் பதிமூன்று படங்கள் பச்சையாயின. ஒன்று மட்டும் நின்றது: வால்டர். அவனுக்கு மென்பொருள் அனுப்பிய எழுத்து 'பதில் இல்லை'.

"வால்டருக்கு நீ எதையுமே குறிக்கல," என்றேன். "ஆமாமும் போடல, இல்லையும் போடல."

"மறந்திருப்பேன்."

"மத்த பதிமூணுக்கும் மறக்கலயே."

அவள் எழுந்து போய்க் காபியை ஊற்றினாள். குடிக்கவில்லை.

"இங்க வேல பாக்கறவங்க நாய வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டேன், ரெய்யோ. இல்லைன்னு குறிச்சா எவனாவது வந்து அவனக் கூட்டிட்டுப் போயிடுவான். ஆமாம்னு குறிச்சா யாருக்குன்னு பேரு கேக்கும். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எம்பேரப் போடுவேன்? அதான் அப்படியே விட்டுட்டேன். இப்ப வேன்ல ஏத்தணுமேன்னு நெனச்சா சாப்பாடு எறங்க மாட்டேங்குது."

அவளை இப்படிப் பார்த்ததே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

"வெறுமனே விட்டா இனி அது நகராது," என்றேன். "அப்படித்தான் எழுதியிருக்கேன். ஏதாவது ஒண்ணச் சொல்லு."

போன் அடித்தது. ரெண்டு வாரத்தில் வந்த முதல் போன். டார்லீன் அதை எடுக்கவில்லை. என் நாற்காலியைத் தள்ளிவிட்டு, நின்றபடியே வால்டரின் பக்கத்தைத் திறந்து ஆமாம் என்று குறித்தாள். 'யாருக்கு' என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக அடித்தாள். பிறகுதான் போனை எடுத்தாள்.

"காப்பகந்தாங்க. பதிமூணு நாய் இருக்கு, வந்து பாருங்க."