ஆலாவுக்கு ஒரு பாதுகாப்பு விழா

ஆற்று ஆலாக்களைக் காப்பாற்றியே தீருவது என்று பெர்ன்ஹில் பறவை நேசர் மன்றம் முடிவெடுத்தபோது, பாவம், அவை முட்டைமேல் உட்கார்ந்திருந்தன. தப்பி ஓடவும் வழியில்லை.

கோடையில் அணைத் தண்ணீர் இறங்கினால் மலைக்கு நடுவே ஒரு மணல்கரை வெளியே வரும். அருகிக்கொண்டே வரும் அந்தப் பறவை, மணலைக் கொஞ்சம் குழித்து அதிலேயே முட்டையிடும். மன்றத் தலைவர் ஞானசீலன் அந்தக் கரையைப் போட்டோவில் பார்த்தார். நாற்காலி போடத் தாராளமாக இடம் இருந்தது.

"ஆலா பாதுகாப்பு விழாவ அங்கயே வெச்சுக்கலாமுங்க" என்றார். பந்தல், ஒலிபெருக்கி, செண்டை மேளம், மணலில் மரக்கன்று நடுதல். கூட்டம் கைதட்டியது. செயலாளர் இந்துமதியும் தட்டினாள். பந்தலுக்குச் சொல்லிவிட்டதும் அவள்தான்.

விழாவுக்கு முந்தின நாள், மேடைக்கு இடம் பார்க்கத் தன் காரில் தனியாகப் போனாள். மன்றத்தில் சேர்ந்த பிறகு ஆலாவை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆலாவும் அவளைப் பார்த்தது. பார்த்ததும் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தது. அவள் பதறிக் குனிந்து கையை ஊன்றினாள். விரலை ஒட்டிக் கிடந்தது கூழாங்கல் இல்லை. சுற்றிலும் பார்த்தால் அங்கங்கே முட்டைகள். வந்த கால்தடத்திலேயே அடி வைத்துத் திரும்பி, ஞானசீலனைப் போனில் கூப்பிட்டாள்.

"ஐயா, மேடை போடற எடமெல்லாம் முட்டைங்க."

"ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் ஓரமா எடுத்து வெக்கச் சொல்லுங்க."

"தொடக்கூடாதுங்க. ஆளுக நடமாடுனாலே பறவை விட்டுட்டுப் போயிருமுங்க."

"பறவை விழாவுக்குப் பறவையே இடைஞ்சல் பண்ணுனா எப்படிங்கம்மா?"

பதில் சொல்வதற்குள் லாரிச் சத்தம் கேட்டது. கரைக்கு இறங்க ஒரே ஒரு மண்பாதை. இந்துமதி காரை அதன் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

பந்தல்காரர் வேலாமணி அருவங்காட்டிலிருந்து ஆட்களோடு வந்திருந்தார். இறங்கி வந்தார். "ஏனுங்க, வண்டிய ஒதுக்குங்க."

"ஸ்டார்ட் ஆகலீங்க." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அவ்வளவுதானுங்களா? சாவியப் போட்டு நியூட்ரல்ல விடுங்க, பசங்க தள்ளிருவாங்க."

உதவி செய்ய நாலு தடியர்கள் சட்டைக்கையை மடித்துவிட்டார்கள். இந்துமதி சாவியை எடுத்தாள், கதவைப் பூட்டினாள், சாவியைத் தண்ணீருக்குள் வீசினாள்.

வேலாமணி தண்ணீரை எட்டிப் பார்த்தார். "எதுக்குங்க இப்படி?"

அவள் முட்டை விஷயத்தைச் சொன்னாள்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே லாரியத் திருப்பியிருப்பனுங்களே" என்றார். அந்த வழி அவளுக்குத் தோன்றவே இல்லை. லாரி திரும்பிப் போயிற்று. மாற்றுச்சாவியோடு கணவர் பஸ் ஏறி வந்துசேர்ந்தார்.

விழா ஊட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அமோகமாக நடந்தது. ஆலாவைக் களத்தில் இறங்கிக் காத்ததற்காக ஞானசீலனுக்குப் பொன்னாடை. ஒழுங்கீனத்துக்காக இந்துமதியின் செயலாளர் பதவி பறிபோனது.

பதவி போனதில் அவளுக்கு நேரம் நிறையக் கிடைத்தது. எதிர்க்கரையில் தூரமாக உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தாள். சில முட்டைகளைப் பருந்து கொண்டுபோயிற்று. மிச்சம் பொரிந்தது. மணல் நிறத்தில் ஒரு குஞ்சு தடுமாறி ஓடி, தாய் கொண்டுவந்த மீனை முழுசாக விழுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தவள், மறுபடி பைக்குள் போட்டாள். மன்றத்தில் சொன்னால் பெயர் சூட்டு விழா வைத்துவிடுவார்கள்.