விண்ணப்பத்தில் விடுபட்ட வியாழக்கிழமை

2019ஆம் ஆண்டு அக்டோபர் 14, திங்கட்கிழமை. வெப்பம் ஆறு பாகை. ஃபியோர்டு எனப்படும் மலையிடைக் கடற்கழியின் நீர்மேல் மூடுபனி, இடைவிடாத தூறல்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அட்டை வேண்டி நான் அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆகவே அன்று காலை நானும் என் மனைவி குன்வோரும், பெர்கனுக்கு வடக்கேயுள்ள எங்கள் சிற்றூரின் நகராட்சி அலுவலகத்தை அடைந்தோம். இடுப்பு மூட்டு தேய்ந்தமையால் ஐம்பது மீட்டருக்கு மேல் என்னால் நடக்க இயலாது. மருத்துவரின் சான்றிதழ் இருந்தது. அதில் எவருக்கும் ஐயமில்லை.

அலுவலர் வில்டே, முப்பது வயதினர், விண்ணப்பத்தை மேசைமேல் விரித்தார்.

"எய்விண்ட், நடக்க முடியலங்கறது சரி. எங்கெங்க போகணும்னு கேட்ட இடத்துல கடை, ஆஸ்பத்திரின்னு ரெண்டே ரெண்டு எழுதியிருக்கீங்க. ரெண்டுலயும் வாசல்லயே நிறுத்தலாமே! அப்புறம் அட்டை எதுக்கு?"

நான் எழப் போனேன்.

"சொல்லித் தொலையேன்," என்றாள் குன்வோர்.

"அதெல்லாம் ஒரு காரணமா? விடு," என்றேன் அவளிடம்.

குன்வோர் வில்டேயிடம் திரும்பினாள். "இந்த மனுஷன் வீடே பத்தி எரிஞ்சாலும், பக்கத்து வீட்டுல தூங்குறாங்கன்னு மெதுவாத்தான் கூப்பிடும்."

மேட்டின்மேல் உள்ள ஊர் மன்றத்தில் வியாழன்தோறும் நடனம் நிகழும். முப்பத்தோர் ஆண்டுகள் அங்கு நான் அக்கார்டியன் என்னும் துருத்தி இசைக்கருவியை வாசித்தேன். பொது வாகன நிறுத்தமோ மேட்டின் அடியில். பன்னிரண்டு கிலோ கருவியுடன் முந்நூறு மீட்டர் ஏற வேண்டும். மன்றத்தின் வாசலில் அட்டை உடையோர்க்கான இரு இடங்கள் எப்போதும் காலியாகவே கிடக்கும். ஏப்ரல் முதல் நான் செல்லவில்லை. இனியும் செல்லாவிடின் என் நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும். ஆயினும், களிப்பின்பொருட்டு ஊராரிடம் சலுகை கேட்பது முறையன்று என்று கருதி அதனை எழுதாது விட்டேன்.

"வியாழக்கிழமை டான்ஸ்," என்றேன், தரையைப் பார்த்தவாறு.

"இந்த இடுப்ப வெச்சுக்கிட்டா?"

"ஆடறது நான் இல்ல, வில்டே. ஆட்டி வைக்கிறவன்."

"அக்கார்டியன்," என்றாள் குன்வோர். "இவரு போகாததால ஏதோ பாட்டுப்பெட்டிய வெச்சு ஆடுறாங்க. கண்றாவி!"

வில்டே சிரித்துவிட்டார். "வாராவாரம் போற இடம்னா பொழுதுபோக்கும் சேர்த்திதாங்க. விதியிலயே இருக்கு. இத எழுத என்ன கூச்சம்?"

அவர் எழுதுகோலை நீட்டினார். மன்றத்தின் பெயரைச் சிறிய எழுத்துகளில் எழுதினேன்.

"பெருசா எழுது," என்றாள் குன்வோர். "திருடுன மாதிரி எழுதாத."

ஐந்தாண்டுகளுக்கு அட்டை வழங்கலாம் என்று வில்டே கையொப்பமிட்டபோது மணி பதினொன்று இருபத்திரண்டு.