அல்போன்சம்மா வாய்க்குள் வைத்திருந்த கேள்வி

1.

இந்தக் கதை எங்கள் தமிழ்ச் சங்க மலரைத் தொகுக்கும் அனோஜினியின் தொலைபேசி அழைப்பில் பிறந்தது. மலருக்கு நெஞ்சை உருக்கும் கதை ஒன்று வேண்டுமாம். யசீதிப் பெண்களோடு வேலை செய்யும் றோஸ்மேரியை எனக்குத் தெரியும் என்பதால், உருக்கிவிடலாம் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முதல் தொடக்கம் இது: ஈராக்கின் சிஞ்சார் மலைமேல் சூரியன் சாய்ந்தபோது, கசாலின் கண்களில் ஆயிரம் ஆண்டுத் துயரம்...

(வெட்டியாயிற்று. நான் சிஞ்சாருக்குப் போனதில்லை. மொன்றியலில் நான் இருக்கும் கார்ட்டியர்வில்லைத் தாண்டினாலே எனக்கு வழி தெரியாது. கசாலின் கண்களில் நான் பார்த்தது மை. அதுவும் நேர்த்தியாகப் பூசிய மை.)

2.

சரி, றோஸ்மேரியிலிருந்து தொடங்குகிறேன். மன்னார்க்காரி. 2014இல் ஈராக்கில் நடந்த இனப்படுகொலையில் தப்பிக் கனடா வந்த, யசீதி என்ற சிறுபான்மை மதத்தவருக்கு உதவும் ஒரு சிறு அமைப்பில் வேலை. அமைப்பு தன் வேலையைச் சமாதானத்தைக் கட்டியெழுப்புதல் என்று சொல்லும். கட்டியெழுப்பப் பெரும்பாலும் தேவைப்படுவது வருபவர்கள் உட்கார மடக்குக் கதிரைகள். அவற்றைச் சுமப்பவள் றோஸ்மேரி.

இலங்கைப் போரைப் பார்த்த தமிழ்ப் பெண்களும் யசீதிப் பெண்களும் சேர்ந்து யசீதிப் புத்தாண்டைக் கொண்டாடுவது என்று முடிவாயிற்று. ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில். அன்று யசீதிகள் முட்டைகளை அவித்து, நிறம் பூசி, ஒன்றோடொன்று மோதி விளையாடுவார்கள். எவருடைய முட்டை உடையாமல் நிற்கிறதோ அவருக்கு வெற்றி.

மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கூட்டத்துக்கும் போகாத யசீதிப் பெண் கசால், இதற்கு மட்டும் வருவதாகச் சொன்னாள்.

"அமைப்புகளுக்குச் சொன்னேன், நிருபர்களுக்குச் சொன்னேன், ஆராய்ச்சி மாணவர்களுக்கும் சொன்னேன்" என்றாள் பிரெஞ்சில். "இப்போது எனக்கு முட்டை உடைக்க வேண்டும். என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டாலும் எழும்பிப் போய்விடுவேன். பிறகு எங்கும் வரமாட்டேன்."

தன் ஊர் மடு மாதா அறிய ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று றோஸ்மேரி சத்தியம் செய்தாள். கசாலுக்கு மடு மாதா யாரென்று தெரியாது. றோஸ்மேரியின் முகத்தைப் பார்த்து நம்பினாள்.

3.

சத்தியம் செய்து வீடு வந்தபிறகுதான் றோஸ்மேரிக்குத் தன் சத்தியம் எவ்வளவு பெரியது என்று உறைத்தது. எங்கள் ஆட்களைத் தெரியாதா? ஒருவரைக் கண்டால் வணக்கம் சொல்வதற்கு முன்பே எந்த ஊர், ஆருடைய ஆள், எப்ப வந்தது, என்ன நடந்தது என்று விசாரித்து முடித்துவிடுவார்கள். அதிலும் தேவாலயப் பங்கின் சமையல் பொறுப்பாளர் அல்போன்சம்மா இருக்கிறாரே, மூலைக்கடைக்காரரின் மூன்று தலைமுறையும் அவருக்கு அத்துப்படி.

"அன்ரி, கசாலிட்டை ஒண்டும் கேக்கக்கூடாது" என்றாள் றோஸ்மேரி அவரிடம்.

"எந்த ஊர் எண்டுமோ?"

"ஓம்."

"கலியாணம் முடிச்சதோ எண்டு?"

"ஐயோ அன்ரி, அதை வாயிலயும் எடுக்கக்கூடாது!"

"பேந்தென்னத்தைப் பிள்ளை நான் கதைக்கிறது?"

"முட்டையைப் பற்றிக் கதையுங்கோ. அவிச்சு, நிறமாக்கிக் கொண்டுவாங்கோ."

"அதை என்னட்டை விடு" என்றார் அல்போன்சம்மா.

(இந்த இடத்தில் எனக்கு அல்போன்சம்மா மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு இலேசாக ஒத்துக்கொள்ளும் பாத்திரத்தை நம்பலாமா? நம்பி எழுதினேன். படித்தபடி வாருங்கள்.)

4.

புதன்கிழமை அல்போன்சம்மா தட்டத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே முட்டைகள் எல்லாம் கோது உரித்து, கத்தியால் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, வெங்காயத்தோடு பொரித்திருந்தன.

"நிறம் கேட்டனி. பார், என்ன வடிவான மஞ்சள்!"

"அன்ரி... கோது?"

"கறிவேப்பிலைச் சாடிக்குள்ளை போட்டிட்டன். நல்ல பசளை."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவித்த முட்டையைத் தூள் பிரட்டாமல் நாலு பேர் முன்னால் வைப்பது எங்கள் ஆட்களின் கையால் ஆகாத காரியம்.)

கசால் குனிந்து தட்டத்தைப் பார்த்தாள். மோத முட்டை இல்லை. கதைக்கவும் இனி ஒன்றும் இல்லை. கதைக்காமல் இருப்பது அல்போன்சம்மாவுக்கு ஒத்துவராது. கசாலைப் பார்த்தார், வாய் திறந்தது. கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டதை றோஸ்மேரி கண்ணால் கண்டாள்.

5.

முடிவு அ: அல்போன்சம்மா கேட்டுவிடுகிறார். கசால் போய்விடுகிறாள். (அனோஜினிக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: கசால் தானாகவே எல்லாம் சொல்ல, இரு சமூகங்களும் கட்டிப்பிடித்து... (அமைப்பின் ஆண்டறிக்கைக்குப் பிடிக்கும். எனக்கு வாக்கியம் முடிக்கவே கூச்சமாக இருக்கிறது.)

றோஸ்மேரி சொன்னது இது: அல்போன்சம்மா ஒரு முட்டையை எடுத்து, முழுசாகத் தன் வாய்க்குள் அடைத்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, கேள்வி உள்ளேயே நின்றது.

கசால் ஒருகணம் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தானும் ஒரு முட்டையை எடுத்து, போருக்கு வா என்று நீட்டினாள். அல்போன்சம்மா இன்னொன்றால் மோதினார். எண்ணெயில் வழுக்கிய கசாலின் முட்டை பறந்துபோய் மண்டப மூலையில் நின்ற அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் விழுந்தது. இருந்தவர்கள் எல்லோரும் கையில் முட்டையோடு எழும்பினார்கள். கசாலின் கண்களில் நீர் வழிந்தது. (அனோஜினி கவனிக்க: கைக்குட்டை நனைந்துவிட்டது. மிளகாய்த்தூள்.)

கண்ணைத் துடைத்துக்கொண்டு கசால் அல்போன்சம்மாவிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். றோஸ்மேரி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

"உங்களுக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறா, அன்ரி."

போரைத் தாண்டி வந்து, ஊரையே விசாரிக்கும் அல்போன்சம்மாவிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை. வாயிலிருந்ததை விழுங்கினார். தட்டத்தில் மிஞ்சிய முட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"பிறகு சொல்லுறன் எண்டு சொல்லு, பிள்ளை. வாற புதனும் வரட்டும். கோதோடை கொண்டுவாறன்."

கசால் தலையாட்டினாள். "வருவேன். ஆனால் முட்டை இப்படியே இருக்கட்டும்."

6.

வாசகரே, அல்போன்சம்மாவுக்கு என்ன நடந்தது? கசாலுக்கு? கேள்வி உங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, எனக்குத் தெரிகிறது. நான் எழுதத் தொடங்கியதிலிருந்து அது என் நாக்கிலும் நிற்கிறது.

தட்டத்தில் இன்னும் இரண்டு முட்டை மிச்சம். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். மற்றது உங்களுக்கு, முழுசாக வாய்க்குள் போடுங்கள்.