பேசின் பிரிட்ஜில் நிற்கும் பாட்டு

என் வாழ்க்கையில் நான் பாடியது ஒரே கச்சேரி. மீசை சரியாக முளைக்காத வயதில் தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

பெரம்பூரில் ஒரு மன்றத்தின் ஆண்டு விழா அது. எங்கள் ராக் குழுவுக்கு முதல் மேடை. நானே எழுதி நானே மெட்டுப் போட்ட பாட்டு, ‘பேசின் பிரிட்ஜுல வண்டி நிக்குது’. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும், ரயில் நின்றுவிடும். ஊருக்கே தெரிந்த எரிச்சல். பாடி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர், “ஒன்ஸ் மோர்” என்றார்.

“கண்டிப்பா. நீங்க போதும்ங்கற வரைக்கும் பாடறோம்” என்றேன். மேடையில் எல்லோரும் சொல்கிற உபசார வார்த்தைதான். மன்றத்துச் செயலாளர் பரமேஸ்வரன் அதை விதியாக எடுத்துக்கொண்டார். ஒன்ஸ் மோர் கேட்டால் அதே பாட்டு. யாரும் கேட்காவிட்டால்தான் அடுத்தது.

ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். ஒரே குரல்தான், கொஞ்சம் கரகரப்பு. மேடை வெளிச்சம் கண்ணில் அடிப்பதால் ஆள் தெரிவதில்லை.

மற்றபடி வாழ்க்கைக்குக் குறையில்லை. கிடார் இடையிசையின்போது பாதிரியார் மேடையேறி எனக்கும் ரெஜினாவுக்கும் கல்யாணம் செய்துவைத்தார். மோதிரம் போடும்போது கிடாரில் ஒரு சுரம் தவறியது. அதை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். இரண்டாம் சரணத்தில் பேஸ் கிடார் வாசித்த சாலமன் இறந்துபோனார். மூன்றாம் சரணத்துக்குள் வேறு ஆள் கிடைத்தார். தோள்வரை இருந்த என் முடி பல்லவிக்குப் பல்லவி கொட்டியது. பத்திரிகைகள் என்னை வளரும் கலைஞர் என்று எழுதின. இப்போதும் அப்படித்தான் எழுதுகின்றன.

என்னிடம் இன்னொரு பாட்டு இருக்கிறது. ரெஜினாவுக்காகக் கட்டியது. கல்யாணத்தன்று அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். “அடுத்த பாட்டு உன்னோடதுதான்” என்றேன். அவள் மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று இடையிசை தொடங்கியதும் மேடை ஓரத்துக்கு வந்தாள். கையில் பை இருந்தது.

“அண்ணன் வெளிய ஆட்டோவோட நிக்கறாங்க” என்றாள்.

“அடுத்தது உன் பாட்டுதான்.”

“சரி. இது முடியற வரைக்கும் உக்காந்திருக்கேன். மறுபடியும் இதே பாட்டுன்னா கெளம்பிடறேன். கோவிச்சுக்காதீங்க.”

அவள் சொன்னால் செய்கிறவள்.

செயலாளரிடம் ஓடினேன். அவர் பெடஸ்டல் ஃபேனாகிக் கொஞ்ச காலம் ஆகிறது. விதியை ஒரே ஒரு முறை தளர்த்தக் கூடாதா என்று கெஞ்சினேன். அவர் இடமிருந்து வலமாகத் தலையை ஆட்டினார். பிறகு வலமிருந்து இடமாக ஆட்டினார். காற்று மட்டும் நன்றாக வந்தது.

“நேரா ஒன்ஸ் மோர் கேக்கற ஆளுகிட்டயே போய்ப் பேசு தலைவா” என்றான் டிரம்ஸ் வாசிக்கும் குலா. “அது வரைக்கும் நான் இழுக்கறேன்.”

“கடைசிச் சரணம் பாடணுமே?”

“யாராவது பாடுவாங்க.”

கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். ரெஜினாவைத் தாண்டிப் போகும்போது அவள் நிமிரவில்லை. அதற்குப் பிந்திய வரிசையில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எப்ப சார் முடிப்பீங்க? வீட்ல பால அடுப்புல வெச்சிட்டு வந்தேன்.”

“நீங்களா ஒன்ஸ் மோர் கேக்கறது?”

“நானா? எனக்கு அந்தப் பாட்டே புடிக்காது.”

கையை உதறிக்கொண்டு நடந்தேன். நடக்க நடக்க வரிசைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு வரிசையில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் சாலமன் உட்கார்ந்திருந்தார். “நின்னு பேசாத, நேரமாச்சு” என்றார். பின்னால் டிரம்ஸ் சத்தம் தளர்ந்துகொண்டு வந்தது. குலாவுக்குக் கை விட்டுப்போனால் எல்லாம் போச்சு. ஓடினேன்.

கடைசி வரிசையில் ஒரே ஒரு நாற்காலி கிடந்தது. கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒருவர் அதில் இருந்தார்.

“சார், இந்த ஒரு தடவை மட்டும் கேக்காதீங்க. என் சம்சாரம் போயிடுவா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வந்துட்டியாப்பா” என்று எழுந்தார். மஃப்ளரை அவிழ்த்து என் கழுத்தில் போட்டார். “இனிமே நான் ஏன் கேக்கப்போறேன்?”

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது. ஓடி வந்ததில் கால் வலித்தது. உட்கார்ந்தேன்.

மேடையில் ஒருவன் கடைசிச் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தான். தோள்வரை முடி. மீசை சரியாக முளைக்கவில்லை. என் பாட்டை நான் எதிரில் உட்கார்ந்து கேட்டதே இல்லை. வண்டி நிற்கும் இடத்தில் கிடாரும் நின்றது. மன்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவன் கடைசி வரியை மெல்ல எடுத்தான். அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது.

இனி நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அடுத்தது ரெஜினாவின் பாட்டு. எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருக்கும், பாடிவிடுவான். மஃப்ளரை வாய்மேல் இறுக்கிக் கட்டினேன். அதன்மேல் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் வரிசையில் ரெஜினா மடியிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“ஒன்ஸ் மோர்.”

கொஞ்சம் கரகரப்பான குரல். என் மஃப்ளருக்குள்ளிருந்துதான் வந்தது. ரெஜினா திரும்பினாள். அவ்வளவு தூரத்திலும் சரியாக என்னைத்தான் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேடையில் அவன் கண்ணைச் சுருக்கி என் பக்கத்து இருட்டைப் பார்த்தான்.

“கண்டிப்பா” என்றான்.