நம்பர் பிளேட் போட்ட கிட்டார்

தங்கமணியின் கிட்டாருக்கு ஒரே ஒரு குறை. சீரியல் செட் விளக்கைக் கண்டால் இரையும். ஜெனரேட்டர் ஓடினால் கேட்கவே வேண்டாம். மேடைக்குள் வண்டுக்கூட்டம் புகுந்த மாதிரி இருக்கும். ஓசூரில் சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் இல்லாமல் எந்தக் கச்சேரி நடந்திருக்கிறது? ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி, "கரண்டு லீக் ஆகுது, பொண்ணு மாப்பிள்ளைய எறக்குங்க!" என்று கத்தியதோடு, ஆர்க்கெஸ்ட்ரா மாஸ்டர் கோவிந்தப்பனின் பொறுமை தீர்ந்தது.

"இங்க பாரும்மா, தேர்த்திருவிழாவுல இந்தச் சத்தம் கேக்கக்கூடாது. கேட்டுச்சுன்னா அதோட நீ கீழ உக்காந்து கச்சேரி பாக்கலாம். கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு இருக்குது. அது பிரியாணியும் கேக்காது."

தங்கமணி பகலில் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கு ஒயரிங் செட் கட்டுகிறவள். மாதத்தில் நாலைந்து சாயங்காலம்தான் மேடை. "அதுக்காகத்தாண்ணா அவ மத்த நாளெல்லாம் வேலைக்கே போறா" என்று அவள் வீட்டுக்காரன் ஆஞ்சப்பன் என் கடைக்கு வந்து புலம்பினான். பாகலூர் ரோட்டில் நம்பர் பிளேட், ஸ்டிக்கர் கடை என்னுடையது. காவேரிப்பட்டினம் மாங்காய் மண்டியில், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன். அதனால் எதைக் கைமாற்ற வேண்டுமானாலும் ஊரில் என்னிடம்தான் வருவார்கள்.

அந்தக் கிட்டார் அறுபத்திரண்டில் அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி செய்தது. கோலார் தங்கவயலில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, சுரங்கத்தில் வேலை பார்த்த தங்கமணியின் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது வெண்ணெய் நிறம். பெயின்ட் முழுக்க வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு. இரையாத ஒன்றுக்கு மாற்றிவிடலாம் என்று நான் அதைப் படம் எடுத்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பெங்களூர் மாதவனுக்கு அனுப்பினேன். சாஃப்ட்வேர்க்காரர், பூர்வீகம் சேலம். தன் புல்லட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்ட என்னிடம் வந்தவர், சம்பந்தமே இல்லாமல் அரை மணி நேரம் கிட்டாரைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தார்.

அன்றைக்கே போன் வந்தது. அதே கம்பெனி, அதே அறுபத்திரண்டாம் வருஷத்து மாடலை, பழைய அளவு பிசகாமல் இப்போது புதிதாகச் செய்கிறதாம். அதில் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதையும் ஸ்பீக்கர் வைத்த ஒரு ஆம்ப் பெட்டியையும் கொடுத்து இதை எடுத்துக்கொள்கிறாராம். தங்கமணி சரி என்றாள். சொல்லிவிட்டு அன்று ராத்திரி வெகுநேரம் அதையே வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதவன் என் கடைக்கு வந்தார். தன் பெட்டியைத்தான் முதலில் திறந்தார். ஆஞ்சப்பன் எட்டிப் பார்த்தான். கை படுகிற இடமெல்லாம் பெயின்ட் போய் மரம் தெரிந்தது. ஸ்க்ரூவில் துரு.

"புதுசுன்னீங்க சார்? லாரில அடிபட்ட வண்டி மாதிரி இருக்குதே!"

"புதுசுதான் ஆஞ்சப்பன். பழசு மாதிரி தெரியணும்னு கம்பெனியிலயே கீறி அனுப்புவாங்க. கீறலுக்குத் தனி ரேட்டு."

"எங்க கம்பெனில கீறினா சம்பளத்துல புடிப்பாங்க, சார்."

அவன் பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறவன். அந்தப் பெருமையோடு தங்கமணியின் கிட்டார் மேலிருந்த துண்டை உருவினான். உள்ளே மெட்டாலிக் நீலம். பைக் டேங்க் மாதிரி முகம் தெரிந்தது. ரெண்டு நாள் லீவு போட்டு, உப்புத்தாளில் பழைய பெயின்ட்டைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்து, சிநேகிதன் ஒர்க்‌ஷாப்பில் மூன்று கோட்டு அடித்திருந்தான். "விக்கிற வண்டியக் கழுவாமயா நிறுத்துவாங்க?" என்றான். காலையில் அதைப் பார்த்துவிட்டு நானும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்திருந்தேன். எங்கள் வியாபாரத்தில் அதுதான் முறை.

மாதவன் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "அந்த வெடிப்புக்காகத்தாங்க வந்தேன்" என்றார், ரொம்ப மெதுவாக. "கண்ணாடி அலமாரி கூட செஞ்சு வெச்சிட்டேன்."

அங்கே புதுசைப் பழசாக்கத் தேய்த்தார்கள். இங்கே பழசைப் புதுசாக்கத் தேய்த்தான். வேறொரு மனிதராக இருந்தால் அடுத்த நிமிஷம் காரில் ஏறியிருப்பார். ஆஞ்சப்பன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்த தங்கமணி, "விடுங்க, நல்ல கலருதான்" என்று அவனைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தாரோ என்னவோ, மாதவன் எழுந்து, "இவ்வளவு தூரம் வந்தாச்சு. வாசிங்க, கேக்கலாம்" என்று ஆம்ப்பைச் செருகினார்.

அவள் ரெண்டையும் வாசித்தாள். புதுசு கணீரென்று பேசியது. பழசுக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் அவள் விரலுக்கு அது பழகியிருந்தது. பழசின் சுவிட்சில் மூன்றே இடம். ரெண்டு இடத்துக்கு நடுவில் நிறுத்தினால் வருகிற ஒரு சுகமான சத்தத்துக்காகத் தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தாள். புதுசில் அதற்கென்றே இடம் விட்டிருந்தார்கள்.

"உங்க தீக்குச்சியோட வேலைய கம்பெனிக்காரன் சுவிட்சுக்கே குடுத்திருக்கான் பாருங்க" என்று மாதவன் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆனால் கடை டியூப் லைட்டுக்கே பழசு இரைந்தது. புதுசு அந்த அளவுக்கு இரையவில்லை. மாதவன் நெற்றியைச் சுருக்கினார். "ஒரே அளவு, சத்தம் புடிக்கற காயிலும் ஒரே மாதிரி. இது மட்டும் ஏன் கத்துது?" என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, ரெண்டின் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதுசின் மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. பழசில் இல்லை. தங்கவயலில் எவனோ ரிப்பேர் பார்க்கிறேன் என்று கழற்றி எறிந்திருக்க வேண்டும்.

"இரைச்சலத் தடுக்கற தகடுங்க. இதுலயும் இருந்திருக்கணும். பழசைப் பார்த்து அப்படியே செஞ்சதால இதுல இருக்கு."

"அலுமினியம்தானே?" என்றேன். என் கடையில் நம்பர் எழுதாத பிளேட் அடுக்கடுக்காகக் கிடந்தது. புதுசின் தகட்டை மேலே வைத்துக் கோடு போட்டு நான் வெட்டினேன். ஓட்டையை ஆஞ்சப்பன் போட்டான், ரெண்டு தடவை அளந்து பார்த்து. எர்த் ஒயரைத் தங்கமணி பற்றவைத்தாள். மூடியதும் இரைச்சல் ஒரேயடியாகச் செத்துவிடவில்லை. கொசு அளவுக்கு ஒடுங்கியது.

மாதவன் தன் கீறல் கிட்டாரைப் பெட்டியில் வைத்தார். வந்த காரியம் எதுவும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. "என் அலமாரியில இருந்திருந்தா அது வாயத் திறந்திருக்காது. ஆஞ்சப்பன் காப்பாத்திட்டாரு" என்று அவன் தோளில் தட்டினார். அவன் அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான். அவர் புல்லட்டுக்கு ஒரு ஜோடி நம்பர் பிளேட் எழுதிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. எங்கள் வம்சத்தில் யாரும் செய்யாத காரியம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

தேரன்று கோவில் மலையிலிருந்து மேடை வரைக்கும் சீரியல் செட். பின்னால் ஜெனரேட்டர். நீலக் கிட்டாரோடு தங்கமணி ஏறியபோது ஆஞ்சப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடியைப் பார்த்தால் ஏதோ விலை கேட்கிற மாதிரி இருந்தது. கோவிந்தப்பன் கீபோர்டுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து ஸ்பீக்கரைப் பார்த்தார், ஒயரை இழுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, ஆம்ப்பு ஆன்ல இருக்குதா?"

தங்கமணி தீக்குச்சியைச் சரிசெய்துவிட்டு, ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தாள்.